257 ஓட்டும் 36,042 ஓட்டும்

மைசூரின் சாமுண்டீஸ்வரி தொகுதி சித்தராமையாவை ஒருமுறை கரையேற்றியது. இன்னொரு முறை கவிழ்த்தது. ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்பது எப்போது பலிக்கிறது, எப்போது பலிப்பதில்லை?

கர்நாடகச் சட்டசபைத் தேர்தல் தேதியை 2018 மார்ச் 27-ம் தேதி தேர்தல் ஆணையம் அறிவித்தது. மே 12-ல் வாக்குப் பதிவு, மே 15-ல் எண்ணிக்கை. அறிவிப்பு வெளியான சில நாட்களிலேயே முதல்வர் சித்தராமையா மைசூருக்கு வந்து முகாமிட்டார். 224 தொகுதிகளுக்கும் காங்கிரஸின் முதன்மைப் பிரசாரகர் அவர்தான். ஆனாலும் முதல் சுற்றை சாமுண்டீஸ்வரி தொகுதியின் கிராமங்களுக்கே ஒதுக்கினார். ஒவ்வோர் ஊராக வண்டி நின்றது. தனக்கு அரசியல் பிறவியும் மறுபிறவியும் தந்த தொகுதி இது என்று உருக்கமாகப் பேசினார். இங்கே இது தனது கடைசித் தேர்தல் என்றும் சொல்லிப் பார்த்தார்.

ஏழு வாரம் கழித்து எண்ணிப் பார்த்தபோது மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் ஜி.டி. தேவே கவுடாவுக்கு 1,21,325 ஓட்டு. முதல்வருக்கு 85,283. வித்தியாசம் 36,042.

ஐந்து ஆண்டுகளை முழுதாக ஆண்டு முடித்த ஒரு முதல்வர், கஜானாவும் கட்சியும் கையில் இருக்க, சொந்த மண்ணில் இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் எப்படித் தோற்றார்? தோல்விக்குப் பிறகு அவரே இந்தக் கேள்வியைப் பல மேடைகளில் வருத்தத்தோடு எழுப்பினார். விடை அந்தத் தொகுதியின் பழைய கணக்குகளில் இருக்கிறது. தேர்தலுக்கு முன் தொகுதியில் கால் வைக்கத் திட்டம் போடும் எந்த எம்.எல்.ஏ.வும் படிக்க வேண்டிய கணக்கு அது.

தாலுகாவில் தொடங்கிய பயணம்

மைசூர் தாலுகாவில், வருணா ஹோப்ளியில் உள்ள சித்தராமனஹுண்டி என்ற சிற்றூரில் பிறந்தவர் சித்தராமையா. குருபர் என்ற ஆட்டிடையர் சாதி. பத்து வயதுவரை பள்ளிக்கூடம் போகாதவர். கோயில் சார்ந்த வீர குணிதா ஆட்டம்தான் முதல் படிப்பு. பிறகு நேராக ஐந்தாம் வகுப்பில் சேர்க்கப்பட்டார். மைசூரில் பி.எஸ்சி., பின்னர் சட்டம். விவசாயிகள் தலைவர் பேராசிரியர் எம்.டி. நஞ்சுண்டசாமியின் தொடர்பு அவரைப் பொதுவாழ்வுக்கு இழுத்தது. 1978-ல் மைசூர் தாலுகா வளர்ச்சி வாரிய உறுப்பினரானதுதான் அரசியலில் முதல் படி. பஞ்சாயத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைகிறவர்களின் முகங்களை அங்கேதான் அறிந்துகொண்டார்.

1983-ல் பாரதிய லோக் தளம் சார்பில் சாமுண்டீஸ்வரியில் நின்று, யாரும் எதிர்பாராமல் வென்றார். 1985-ல் ஜனதா கட்சி வேட்பாளராக மீண்டும் வெற்றி. 1989-ல் காங்கிரஸின் எம். ராஜசேகர மூர்த்தியிடம் தோல்வி. 1994-ல் வெற்றி, 1999-ல் காங்கிரஸின் ஏ.எஸ். குருசாமியிடம் தோல்வி, 2004-ல் மீண்டும் வெற்றி. அந்தத் தொகுதி யாரையும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்ததில்லை. பெரிய தலைவர் என்பதற்காகச் சலுகை காட்டியதும் இல்லை.

இந்த வரிசையில் மறக்க முடியாதது 2006 இடைத்தேர்தல். அதற்கு முந்தைய ஆண்டு துணை முதல்வராக இருந்த சித்தராமையாவுக்கும் எச்.டி. தேவே கவுடாவுக்கும் உறவு முறிந்தது. சிறுபான்மையினர், பிற்படுத்தப்பட்டோர், தலித்துகள் ஆகிய மூன்று சொற்களின் கன்னட முதலெழுத்துகளைக் கோத்து ‘அஹிந்தா’ என்று பெயரிட்ட மாநாடுகளில் அவர் தீவிரமானார். கட்சி அவரை வெளியேற்றியது. காங்கிரஸில் சேர்ந்து, எம்.எல்.ஏ. பதவியை விட்டுவிட்டு, அதே தொகுதியில் மீண்டும் நின்றார்.

அப்போது மாநிலத்தில் ம.ஜ.த. - பா.ஜ.க. கூட்டணி ஆட்சி. முதல்வர் எச்.டி. குமாரசாமி, துணை முதல்வர் பி.எஸ். எடியூரப்பா. முன்னாள் பிரதமர் ஒருபுறம், அவருடைய மகனான முதல்வர் ஒருபுறம், அமைச்சர்கள் ஒருபுறம் என்று ஆளும் தரப்பு முழுவதும் சாமுண்டீஸ்வரியில் இறங்கியது. எதிர்த்து நின்றவர் ம.ஜ.த.வின் எம். சிவபசப்பா. இருவரும் தலா 1 லட்சத்து 15 ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு வாங்கினார்கள். டிசம்பரில் முடிவு வந்தபோது சித்தராமையாவின் முன்னிலை வெறும் 257.

இரண்டு லட்சத்துக்கும் அதிகமான ஓட்டுகளில் 257 என்பது ஒரு பெரிய தெருவின் ஓட்டு. ஒவ்வொரு சாவடியிலும் ஓரிருவர் வீட்டிலேயே தங்கியிருந்தால் கர்நாடகத்தின் அரசியல் வேறு பாதையில் போயிருக்கும். 2013-ல் அவர் முதல்வரானதற்கான வேர் அந்த 257-ல் இருந்தது. மறுபிறவி என்று அவர் சொன்னதில் மிகையில்லை.

ஊருக்குள் நுழையும் வழி

மைசூர் வட்டாரத்தில் கிராமப் பிரசாரத்துக்கு எழுதப்படாத ஒரு முறை உண்டு. முதலில் ஊர்க் கோயிலில் பூஜை. வாசலில் ஆரத்தி, தமட்டை முழக்கம், மாலை. அதன் பிறகு ஒவ்வொரு சாதிக்கும் உரிய ‘கேரி’ எனப்படும் தெரு. எல்லாத் தெருவுக்கும் போக வேண்டும். ஒன்றை விட்டால் அடுத்த நாளே அது செய்தி. யாருடைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார், யார் வீட்டில் ராகி முத்தே சாப்பிட்டார் என்பதெல்லாம் கணக்கில் வரும்.

இந்தச் சடங்கு ஓட்டாக மாறுவது வேட்பாளர் ஊரை விட்டுப் போன பிறகுதான். கிராமப் பஞ்சாயத்து உறுப்பினர், பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கத் தலைவர், பெண்கள் சுய உதவிக் குழுவை நடத்துபவர், விவசாயக் கடன் வாங்கித் தரும் கூட்டுறவு சங்கச் செயலாளர் ஆகியோரில் யார் எந்தப் பக்கம் என்பதே கேள்வி. வேட்பாளரின் வருகை ஒரு மணி நேரம். இவர்களின் பேச்சோ ஆண்டு முழுவதும் நடக்கிறது.

அதற்கும் கீழே சாவடிக் கணக்கு. ஒரு வாக்குச்சாவடிக்கு ஏறத்தாழ ஆயிரம் வாக்காளர்கள். பட்டியலில் செத்தவர் யார், பெங்களூருக்கு வேலைக்குப் போனவர் யார், அவரை வாக்குப் பதிவுக்கு வரவழைப்பது யார் பொறுப்பு என்பதை அறிந்தவர்தான் பூத் ஏஜெண்ட். வாக்காளர் பட்டியலின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஊழியரைப் பொறுப்பாக்கும் முறையை பா.ஜ.க. நாடு முழுவதும் கொண்டுவந்தது. பக்கத்துக்கு முப்பது பெயர். அந்த முப்பது பேரும் ஓட்டுப் போட்டார்களா என்று பார்க்க ஓர் ஆள். தமிழ்நாட்டில் திராவிடக் கட்சிகளின் கிளைச் செயலாளர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்து வருவதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

தேர்தலுக்கு ஆறு வாரம் முன்பு ஒரு பெரிய தலைவர் வந்து இறங்கும்போது இந்த வலை அறுந்திருந்தால் அவர் என்ன செய்ய முடியும்? 2018-ல் நடந்தது இதுதான்.

மாறிப்போன வரைபடம்

2008-ல் தொகுதி மறுவரையறை வந்தது. சித்தராமையாவின் சொந்த ஊர் அடங்கிய வருணா ஹோப்ளி சாமுண்டீஸ்வரியிலிருந்து பிரிந்து, நஞ்சன்கூடு, டி. நரசிபுரா தாலுகாக்களின் சில பகுதிகளோடு சேர்ந்து ‘வருணா’ என்ற புதிய தொகுதியானது. ஊரோடு அவரும் வருணாவுக்குப் போனார். 2008-லும் 2013-லும் அங்கே வென்றார். 2013-ல் எடியூரப்பாவின் புதிய கட்சியான கர்நாடக ஜனதா கட்சியின் காபு சித்தலிங்கசாமியை 29,641 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார்.

சாமுண்டீஸ்வரியின் பெயர் மாறவில்லை, உள்ளடக்கம் மாறியது. சித்தராமையாவின் பலமான ஊர்கள் பல வருணாவோடு போய்விட்டன. இலவாலா, ஜயபுரா பக்கத்து ஒக்கலிகர் கிராமங்களின் எடை கூடியது. ஹினகல், போகாதி போன்ற ஊர்கள் மைசூர் நகரத்தின் புறநகர் லேஅவுட்டுகளாக வீங்கின. புதிதாக வீடு கட்டிக் குடியேறியவர்களுக்கு 2006 இடைத்தேர்தல் ஒரு கேள்விப்பட்ட கதை, அவ்வளவே. 2018-ல் முதல்வர் திரும்பி வந்தபோது இடையில் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடியிருந்தன.

பிறகு ஏன் திரும்பினார்? குடும்பச் சூழ்நிலையும் ஒரு காரணம். வருணாவைத் தந்தையின் சார்பில் கவனித்து வந்த மூத்த மகன் ராகேஷ் 2016 ஜூலையில் பெல்ஜியத்தில் காலமானார். டாக்டரான இளைய மகன் யதீந்திரா அரசியலுக்கு வந்தார். பாதுகாப்பான வருணா மகனுக்கு, பழைய சாமுண்டீஸ்வரி தந்தைக்கு என்று முடிவாயிற்று.

நம்பிக்கைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. 2017 ஏப்ரலில் நஞ்சன்கூட்டிலும் குண்டலுபேட்டையிலும் இடைத்தேர்தல் நடந்தது. அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டு பா.ஜ.க.வுக்குப் போன வி. ஸ்ரீநிவாச பிரசாத் நஞ்சன்கூட்டில் முதல்வருக்குச் சவால் விட்டார். சித்தராமையா நேரில் முகாமிட்டார்; இரு தொகுதிகளையும் காங்கிரஸ் அள்ளியது. முகாமிட்டால் ஜெயிக்கலாம் என்ற எண்ணம் அங்கே உறுதிப்பட்டிருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் இடைத்தேர்தல் என்பது ஆட்சி முழுவதும் ஒரே தொகுதியில் குவியும் நேரம். பொதுத்தேர்தலில் ஒவ்வோர் அமைச்சருக்கும் தன் தொகுதிக் கவலை. ஓராண்டு கழித்து அதே நஞ்சன்கூட்டை பா.ஜ.க. பிடித்தது.

எதிரில் இருந்தவர்

ஜி.டி. தேவே கவுடாவும் சித்தராமையாவும் ஒரே ஜனதா பரிவாரத்தில் வளர்ந்தவர்கள். கூட்டுறவு சங்கங்கள் வழியாக மேலே வந்தவர் தேவே கவுடா. மாவட்டத்துக்கு வெளியே அதிகம் பேசப்படாதவர். மாவட்டத்துக்குள் கல்யாணம், சாவு, திருவிழா எதையும் விடாதவர் என்று பெயர் எடுத்தவர். அவருடைய மகன் ஹரீஷ் கவுடா மைசூர் - சாமராஜநகர் மாவட்டக் கூட்டுறவு மத்திய வங்கியின் தலைவராக இருந்தவர். பயிர்க்கடன் தேவைப்படும் வட்டாரத்தில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. 2013-லிருந்து ஐந்தாண்டுகள் தொகுதியின் எம்.எல்.ஏ.வாக அவர் ஒவ்வோர் ஊரிலும் நின்று பேசியிருந்தார்.

சமூகக் கணக்கும் முதல்வருக்கு எதிராகத் திரும்பியது. தேவே கவுடா குடும்பத்தை அவர் கடுமையாகத் தாக்கியது ஒக்கலிகர் ஓட்டுகளை ம.ஜ.த. பக்கம் இறுக்கியது. லிங்காயத்துகளுக்குத் தனி மத அந்தஸ்து கேட்டு மத்திய அரசுக்குச் செய்த பரிந்துரை அந்தச் சமூகத்தில் எதிர்பார்த்த நன்றியைப் பெற்றுத் தரவில்லை. பா.ஜ.க.வோ இங்கே ஒப்புக்குத்தான் போட்டியிட்டது. முதல்வருக்கு எதிரான ஓட்டு இரண்டாகப் பிரியாமல் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தது.

ஆபத்தை முகாம் உணராமல் இல்லை. ஏப்ரல் மாதமே வட கர்நாடகத்தின் பாதாமியில் இரண்டாவது மனுவைத் தாக்கல் செய்தார் சித்தராமையா. ஒருவர் அதிகபட்சம் இரண்டு தொகுதிகளில் நிற்கலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் முதல்வரே இரண்டாவது வாசல் தேடுகிறார் என்ற பேச்சு சாமுண்டீஸ்வரி டீக்கடைகளுக்கும் வந்து சேர்ந்தது. பாதாமியில் பா.ஜ.க.வின் பி. ஸ்ரீராமுலுவை அவர் வென்றது 1,696 ஓட்டில். அந்தத் தொகுதி மட்டும் கைகொடுக்காமல் இருந்திருந்தால் சட்டசபைக்குள்ளேயே அவர் நுழைந்திருக்க முடியாது.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிய கதை அல்ல. 1967-ல் முதல்வர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். காமராஜ் சொந்த ஊரான விருதுநகரில் 1,285 ஓட்டில் தோற்றார். 1996-ல் முதல்வர் ஜெயலலிதா பர்கூரில் 8,366 ஓட்டில் வீழ்ந்தார். 2021-ல் மேற்கு வங்கத்தில் கட்சியை அமோகமாக ஜெயிக்க வைத்த மம்தா பானர்ஜி நந்திகிராமில் 1,956 ஓட்டில் தோற்றார். மாநிலத்தைச் சுற்றும் தலைவருக்குச் சொந்தத் தொகுதி பல நேரங்களில் கண்ணில் படுவதில்லை.

மைசூர் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் 2018-ல் காங்கிரஸுக்குக் கிடைத்தவை மூன்று. சித்தராமையாவின் நெருங்கிய சகாவும் அமைச்சருமான எச்.சி. மகாதேவப்பா டி. நரசிபுராவில் தோற்றார். யதீந்திரா மட்டும் வருணாவில் 58,616 ஓட்டு வித்தியாசத்தில் வாகை சூடினார். தந்தை தோற்ற அதே நாளில், பக்கத்துத் தொகுதியில், தந்தையின் பெயரால் மகன் பெற்ற வெற்றி அது.

வருணாவில் போட்ட திட்டம்

2023 தேர்தலுக்கு முன்பும் குழப்பம் இல்லாமல் இல்லை. ஜனவரியில் கோலாரில் நிற்பதாக சித்தராமையா அறிவித்தார். கட்சி மேலிடம் யோசிக்கச் சொன்னது. தொகுதி தேடி அலைகிறார் என்று எதிரணி கேலி செய்தது. மார்ச் 25-ல் வெளியான காங்கிரஸின் முதல் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே வருணா என்று இருந்தது. மகன் இடத்தை விட்டுக் கொடுத்தார்.

இம்முறை வேலைப் பங்கீடு தெளிவாக இருந்தது. தந்தை மாநிலத்தைச் சுற்றுவார், ஐந்தாண்டு எம்.எல்.ஏ.வாக இருந்த மகன் ஊர் ஊராகப் போவார். வலை அறுபடாமல் இருந்தது. அதை விரிப்பதற்கு ஆளும் இருந்தார். ஏப்ரல் 19-ல் மனுத் தாக்கல் செய்வதற்கு முன் சித்தராமையா சொந்த ஊருக்குப் போய்க் கோயிலில் வணங்கினார். இதுவே தனது கடைசித் தேர்தல் என்றார். 2018-ல் பலிக்காத அதே வாசகம் இங்கே வேறு பொருள் கொண்டது. இங்கே அவர் ஊர்க்காரர். மீண்டும் முதல்வராகும் வாய்ப்பு உள்ளவர்.

பா.ஜ.க. சும்மா விடவில்லை. லிங்காயத்துத் தலைவரும் அமைச்சருமான வி. சோமண்ணாவைப் பெங்களூரின் கோவிந்தராஜ நகரிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியது. அவருக்குச் சாமராஜநகரிலும் டிக்கெட் கொடுத்தது. அமித் ஷாவே வருணாவுக்கு வந்து, சோமண்ணா வென்றால் பெரிய பொறுப்பு காத்திருக்கிறது என்றார். பதிலுக்கு காங்கிரஸ் நடிகர் சிவராஜ்குமாரையும் ரம்யாவையும் இறக்கியது. சித்தராமையாவும் நினைத்ததைவிட அதிகமாக வருணாவுக்கு வர வேண்டியிருந்தது.

வீடுகளுக்குக் கொண்டு போக இம்முறை கையில் ஒரு அட்டையும் இருந்தது. சித்தராமையாவும் டி.கே. சிவகுமாரும் கையெழுத்திட்ட உத்தரவாத அட்டை: 200 யூனிட் இலவச மின்சாரம், குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய், 10 கிலோ அரிசி, பெண்களுக்கு இலவச பஸ், வேலையில்லாப் பட்டதாரிகளுக்கு 3,000 ரூபாய். வாசலில் நிற்கும் தொண்டனுக்கு அந்த அட்டை பேச்சைத் தொடங்கிக் கொடுத்தது. தலைவரின் பெருமையை விட்டுவிட்டு, வீட்டுக்காரியின் மின்கட்டணத்திலிருந்து பேசத் தொடங்கலாம்.

மே 13-ல் முடிவு. சித்தராமையா 1,19,816, சோமண்ணா 73,653. வித்தியாசம் 46,163. மைசூர் மாவட்டத்தில் காங்கிரஸுக்கு 11-ல் எட்டு. மே 20-ல் சித்தராமையா இரண்டாம் முறையாக முதல்வர் பதவி ஏற்றார்.

ஆனால் அலை அடித்த அந்தத் தேர்தலிலும் காங்கிரஸால் பிடிக்க முடியாத மூன்று மைசூர் தொகுதிகளில் ஒன்று சாமுண்டீஸ்வரி. ஜி.டி. தேவே கவுடா மீண்டும் வென்றார். அவருடைய மகன் ஹரீஷ் கவுடா பக்கத்து ஹுன்சூரைப் பிடித்தார். அந்த மாவட்டத்தில் ம.ஜ.த.வுக்குக் கிடைத்த இரண்டு இடமும் ஒரே வீட்டுக்குப் போயின. முதல்வரை வீழ்த்தியது ஒரு நாள் கோபம் அல்ல என்பதற்கு இது சாட்சி. பால் சங்கத்திலும் கூட்டுறவு வங்கியிலும் ஆண்டுக்கணக்கில் பின்னப்பட்ட வலை, மாநிலம் முழுவதும் வீசிய காற்றையும் தாங்கி நின்றது.

யார் நடப்பது?

தேர்தல் நெருங்கும்போது எல்லாக் கட்சி எம்.எல்.ஏ.க்களும் பாதயாத்திரை, வீடு வீடாகச் சந்திப்பு, கிராமத்தில் ஓர் இரவு என்று திட்டம் அறிவிக்கிறார்கள். மைசூரின் இந்த இரு தொகுதிகளும் அந்தத் திட்டங்களுக்கு மூன்று கேள்விகளை முன்வைக்கின்றன. கடைசியாக இந்த ஊருக்கு வந்தது எப்போது? வேட்பாளர் போன பிறகு ஊரில் அவருக்காகப் பேசுவது யார்? பழைய வெற்றியின் வரைபடம் இன்றும் அதேதானா?

2018-ல் சித்தராமையாவிடம் முதல் இரண்டுக்கும் நல்ல பதில் இல்லை. மூன்றாவதை அவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. செலவு வரம்பு அப்போது 28 லட்சம், 2023-ல் 40 லட்சம். அந்த வரம்புக்குள் எவ்வளவு செலவழித்தாலும் பன்னிரண்டு ஆண்டு இடைவெளியை ஆறு வாரத்தில் வாங்கிவிட முடியாது.

வாக்காளர் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஜயபுராவிலும் இலவாலாவிலும் உள்ள விவசாயிக்கு முதல்வரின் தொகுதி என்ற அந்தஸ்தைவிட, கடன் மனுவுக்கும் குடிநீர்க் குழாய்க்கும் அலையும்போது கதவைத் தட்டினால் திறக்கிற ஓர் ஆள் முக்கியம். 2006-ல் ஆட்சி முழுவதும் திரண்டு வந்தபோதும் அவன் சித்தராமையாவை 257 ஓட்டில் காப்பாற்றினான். 2018-ல் ஆட்சியே சித்தராமையாவின் கையில் இருந்தபோது 36,042 ஓட்டில் திருப்பி அனுப்பினான். இரண்டு முறையும் அவன் கணக்குப் பார்த்தது யார் ஆள்கிறார் என்பதை வைத்து அல்ல.